பார்வையில்லாத நாய்க்குக் கோன் மாட்டினால்: தையல் பிரிக்கும் வரை சமாளிக்கும் வழி

ஆபரேஷன் முடிந்து, காயத்தை நக்காமலும் சொறியாமலும் தடுக்கும் புனல் வடிவக் காலரான கோனைக் கழுத்தில் மாட்டிய எந்த நாயும் ஓரிரு நாள் தடுமாறத்தான் செய்யும். பார்வையுள்ள நாய் நாலு முறை கதவு நிலையில் இடித்துக்கொண்டதும் எவ்வளவு விலகிப் போக வேண்டும் என்று கண்ணாலேயே கணக்குப் போட்டுவிடும். பார்வையில்லாத நாய்க்கு அந்த வழி கிடையாது. போதாக்குறைக்கு, கண்ணுக்குப் பதிலாக அது நம்பியிருக்கும் மற்ற எல்லாவற்றையும் கோன் ஒரே நேரத்தில் மறைத்துவிடுகிறது. சுவர் நெருங்குவதை முதலில் உணர்த்துவது மூக்கோரத்து மீசை முடி. அது இப்போது பிளாஸ்டிக்குக்குள் இருக்கிறது. தரையை முகர்ந்தே வழி கண்டுபிடிக்கும் நாய் தலையைக் குனிந்ததும் கோனின் விளிம்பு தரையில் குத்தி நிற்கும். சத்தமும் மாறிப்போகும். முன்னாலிருந்து வருவது குடத்துக்குள் பேசுவது போலப் பெருத்துக் கேட்கும், பின்னாலிருந்து வருவது மங்கிவிடும், திசை குழம்பும்.

இதனால்தான் பல நாய்கள் கோன் மாட்டியதும் அறை நடுவே அசையாமல் நின்றுவிடுகின்றன, அல்லது பின்னாலேயே நடந்து மூலையில் ஒடுங்குகின்றன. அடம் பிடிக்கிறது என்று இழுக்கவும் வேண்டாம், பாவமாக இருக்கிறதே என்று கழற்றிவிடவும் வேண்டாம். ஒரு தையலைப் பல்லால் பிரிக்க நாய்க்குச் சில நொடிகள் போதும். கண் ஆபரேஷன் என்றால் பாதத்தால் ஒரே ஒரு முறை தேய்த்தாலே காயம் திறந்துகொள்ளலாம். கோன் இருக்கட்டும். அதன் நீளம், விளிம்பு, சத்தம், வீட்டின் வழி ஆகிய நாலையும் நாம் சரிசெய்ய முடியும்.

எவ்வளவு நீளம், எந்த வகை

இரண்டு அளவுகள் தேவை. காலர் வழக்கமாக உட்காரும் இடத்தில் கழுத்துச் சுற்றளவு ஒன்று, அங்கிருந்து மூக்கு நுனி வரை உள்ள நீளம் இன்னொன்று. பொதுவாகக் கோனின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி 2 முதல் 3 செ.மீ. நீண்டிருந்தால் போதும். கையிருப்பில் பொருத்தமான அளவு இல்லாதபோது ஒரு அளவு பெரியதை மாட்டி அனுப்புவதும் நடக்கும். பார்வையுள்ள நாய் அதைச் சமாளித்துக்கொள்ளும். பார்வையில்லாத நாய்க்கு நீளத்தில் கூடும் ஒவ்வொரு செ.மீ.யும் தரையில் ஓர் இடறல். விளிம்பு வட்டம் அகலமாவதால் கதவிலும் இடிக்கும். எனவே மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: “இந்தக் காயத்துக்கு எவ்வளவு குறைவான நீளம் போதும்?”

பதில் காயத்தின் இடத்தைப் பொறுத்தது. கண், காது, முகம் என்றால் ஆபத்து வாயால் வருவதில்லை. பின்னங்கால் சொறிவதாலும், முகத்தைச் சோபாவிலோ தரையிலோ உரசுவதாலும்தான் வருகிறது. அதற்கு மூக்கைச் சற்றே தாண்டிய கெட்டியான கோன் போதும். வயிறு, பின்னங்கால், வால் பக்கம் என்றால் உடலை வளைத்து எட்டிவிடும்; அங்கே நீளம் குறைக்க இடமில்லை. மருத்துவர் சரி என்றால் பிளாஸ்டிக் கோனின் அகன்ற பக்கத்தை ஒரு நேரத்தில் 1 செ.மீ. மட்டும் வெட்டுங்கள். ஒவ்வொரு முறை வெட்டியபின்னும் மூன்று நிலைகளில் சோதியுங்கள்: நாய் உட்காரும்போது, சுருண்டு படுக்கும்போது, பின்னங்காலைத் தூக்கிச் சொறியும்போது. பலரும் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். நாய் காயத்தை எட்டுவது பெரும்பாலும் சுருண்டு படுக்கும்போதுதான்.

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வேண்டும் என்று தேடி அலைய இங்கே அவசியமில்லை. எடையும் விளிம்பும் சத்தமும்தான் முக்கியம். துணிக் கோன் லேசானது, இடித்தால் டமாரென்று சத்தம் வராது; வயிற்றுக் காயத்துக்குச் சில நாய்களுக்கு ஒத்துவரும். ஆனால் உள்பக்கம் மடிந்துகொள்ளும். கண்ணில் தையல் இருக்கும் நாய்க்கு மடிந்த துணியே கண்ணை உரசும் என்பதால் அங்கே அது வேண்டாம். காற்றடைத்த டோனட் காலர் மூக்கையும் மீசை முடியையும் வெளியே விடுவதால் பார்வையில்லாத நாய்க்கு மிக வசதி. அது முதுகையும் விலாவையும் ஓரளவு காக்கும், கண்ணையும் காதையும் பாதத்தையும் வாலையும் காக்காது. மூஞ்சி நீண்ட நாய் அதைத் தாண்டி வயிற்றையும் எட்டிவிடும். கருத்தடை போன்ற வயிற்று ஆபரேஷனுக்கு உடம்பு முழுவதும் மூடும் ரெகவரி சூட் கிடைக்கிறது. காயம் முழுக்க மூடும் இடத்தில் இருந்து, நாய் துணியைக் கடிக்காததாகவும் இருந்தால் மருத்துவரிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். தலையில் எதையும் மாட்ட வேண்டியிராது.

கழுத்துப் பிடிப்பு: சிறிய நாய்க்கு ஒரு விரல், பெரிய நாய்க்கு இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும். தளர்ந்த கோனை நாய் முன்னங்காலால் தள்ளிக் கழற்றிவிடும். அதைவிடத் தொல்லை, தளர்ந்த கோன் சுழன்றுகொண்டே இருக்கும். விளிம்பு எங்கே இருக்கிறது என்பது நொடிக்கு நொடி மாறினால் நாயால் அதைக் கற்றுக்கொள்ள முடியாது. கோனின் அடியில் உள்ள கண்ணிகள் வழியாக நாயின் சொந்தக் காலரையோ மருத்துவமனையில் தரும் துணி நாடாவையோ கோத்துக் கட்டினால் ஆடாது.

விளிம்பில் செய்ய வேண்டிய வேலை

நேரம் குறைவு, ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கோனின் விளிம்பை நாயின் தலையில் இருப்பது போலவே மேல், பக்கம், கீழ் என்று மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பும் இரு பக்க விளிம்பும் சுவரிலும் கதவிலும் இடிக்கும். அங்கே குழாய்களுக்குச் சுற்றும் ஃபோம் குழலை நீளவாக்கில் கீறி விளிம்பின் மேல் செருகி, நாலைந்து இடத்தில் டேப் சுற்றிவிடுங்கள். இடியின் அதிர்ச்சியும் சத்தமும் குறையும். கீழ்ப்பக்கத்துக்கு ஃபோம் போடக் கூடாது. அது தரையைப் பற்றிக்கொள்ளும், நாய் இன்னும் அதிகமாக நின்றுபோகும். கீழே வழுவழுப்பான அகல டேப்பை விளிம்பின் உள்ளும் புறமும் மடித்து இரண்டு அடுக்கு ஒட்டினால், குத்தி நிற்பதற்குப் பதிலாகச் சறுக்கும்.

பிளாஸ்டிக் ஒன்றன்மேல் ஒன்றாக மடியும் இடத்தில் உள்பக்கம் ஒரு படி போல நிற்கும். காது முடியும் சோற்றுப் பருக்கையும் அங்கேதான் சிக்கும், அதையும் டேப்பால் மூடுங்கள். கழுத்து ஓட்டையின் விளிம்புக்கு மெல்லிய துணிப் பட்டி. ஃபோமும் டேப்பும் எடை கூட்டும் என்பதை மறக்க வேண்டாம். 5 கிலோ நாய்க்கு இவ்வளவும் அதிகம். மேல் விளிம்பில் மட்டும் போட்டால் போதும். புதுப் பிளாஸ்டிக்கின் வாடை போக வாசனையில்லாத சோப்பில் கழுவி ஒரு நாள் காற்றாட வைத்தபின் மாட்டுவது நல்லது.

முன்கூட்டியே பழக்க முடிந்தால்

திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் 7 முதல் 10 நாளுக்கு முன்பே தொடங்குங்கள். முதலில் கோனைக் கையில் பிடித்து, அதன் நடுவில் தின்பண்டத்தை நீட்டுங்கள். நாயே தலையை நுழைத்து எடுக்கட்டும், நாம் தள்ளக் கூடாது. தயங்காமல் நுழைக்கிறது என்றபின் 5 நொடி மாட்டி எடுங்கள், பிறகு அரை நிமிடம், பிறகு 2 நிமிடம். மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். “தொப்பி”, “மாட்டு” எதுவானாலும் சரி, கடைசிவரை அதையே சொல்ல வேண்டும். கேட்காமல் கொள்ளாமல் இருட்டிலிருந்து தலைமேல் ஏதோ இறங்குவதுதான் நாயைக் கலவரப்படுத்துகிறது.

அடுத்த கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: கோனோடு வேண்டுமென்றே இடிக்க வைப்பது. நீங்கள் கையில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு விளிம்பில் மெல்லத் தொடுங்கள், உடனே தின்பண்டம். பிறகு சுவர் அருகே மெல்ல நடத்தி விளிம்பு உரசட்டும், மறுபடியும் தின்பண்டம். இந்தச் சத்தம் வந்தால் பயமில்லை, திரும்பிக்கொள்ள வேண்டும் என்று பதிந்துவிட்டால் கோனே மீசை முடியின் வேலையைச் செய்யத் தொடங்கும். பார்வையில்லாத நாய்களுக்கென்று முகத்துக்கு முன்னால் வளையம் நீட்டிய ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் வார்) விற்பதும் இதே கணக்கில்தான். இரண்டையும் சேர்த்து மாட்ட வேண்டாம், ஒன்றோடொன்று சிக்கும்.

“பின்னால்” என்ற கட்டளையும் இந்த நாட்களிலேயே பழக்குங்கள். இடுக்கில் மாட்டிக்கொண்ட நாய் இயல்பாக முன்னுக்குத்தான் முட்டும். மார்பில் கை வைத்து மெல்லத் தள்ளி, ஒரு அடி பின்னே வந்ததும் பாராட்டினால் சில நாட்களில் பிடித்துக்கொள்ளும்.

அவசர ஆபரேஷன் என்றால் இதற்கெல்லாம் நேரமிராது. மயக்கம் முழுக்கத் தெளிந்த மறுநாளிலிருந்து இதையே சிறிய அளவில் செய்யலாம்.

முதல் 24 மணி நேரம்

மயக்க மருந்தும் மார்ஃபின் வகை வலி மருந்துகளும் கோன் இல்லாத நாயையே குழப்பும். முனகல், நிலைகொள்ளாமல் நடப்பது, பழகிய ஆளையே அடையாளம் தெரியாதது போல இருப்பது எல்லாம் இதில் வரும். அன்றைக்கே வீடு முழுவதும் உலவ விட்டால் கோன் மேல் கெட்ட அனுபவம்தான் சேரும். ஒரு சிறிய அறையிலோ தடுப்புக் கூண்டிலோ, தட்டையான மெத்தையில், நீங்களும் கையெட்டும் தூரத்தில் இருங்கள். தூக்கிக்கொண்டு வந்தால் இறக்கிவிடும் இடம் எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும், மெத்தை அல்லது தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கம். நடுக்கூடத்தில் இறக்கினால் தான் எங்கே நிற்கிறோம் என்றே அதற்குத் தெரியாது.

பல காலமாகப் பார்வையில்லாத நாய்க்கு வீட்டின் வரைபடம் மனதில் இருக்கும். கோனின் அகலத்தைப் பழகினால் போதும். அண்மையில்தான் பார்வை போனது, அல்லது இந்த ஆபரேஷனிலேயே கடைசிக் கண்ணும் அகற்றப்பட்டது என்றால், வரைபடமே இல்லாமல் கோனோடு தொடங்குகிறது. அதற்கு ஒரே அறை, ஒரே பாதை. கோன் கழலும் வரை இதைத் தாண்ட வேண்டியதில்லை.

வீட்டில் வழி

கோனின் வாயை அளந்து, அதோடு இரு பக்கமும் 15 செ.மீ. கூட்டுங்கள். 40 செ.மீ. கோன் என்றால் வழி 70 செ.மீ. இருக்க வேண்டும். இதைவிடக் குறுகிய எல்லா இடத்தையும் அடைத்துவிடுங்கள். சோபாவுக்கும் சுவருக்கும் இடையே, கட்டிலுக்கு அடியில், நாற்காலிக் கால்களுக்கு நடுவே கோன் நுழையும், திரும்பாது. படிக்கட்டுக்கு மேலும் கீழும் தடுப்புக் கதவு. வழக்கமாகச் சோபாவில் தாவும் நாய் என்றால் சோபாவின் முன் எதையாவது வைத்து மறியுங்கள். கோன் விளிம்பு தட்டி மல்லாக்க விழும்.

வழியை அகலப்படுத்த எதையாவது நகர்த்த வேண்டுமானால் ஆபரேஷனுக்கு முன்பே நகர்த்துங்கள். பாதையை மூக்கால் காட்ட முடியாது என்பதால் பாதத்தால் காட்டுங்கள். மெத்தையிலிருந்து தண்ணீருக்கு ஓடும் நீளமான வழுக்காத விரிப்பு ஒன்று, தண்ணீர்க் கிண்ணத்தின் முன் சொரசொரப்பான வேறு வகைத் தரைவிரிப்பு, வெளிக்கதவுக்கு முன் இன்னொரு வகை. விரிப்பின் ஓரங்களை டேப் போட்டுத் தரையோடு ஒட்டிவிடுங்கள், நிமிர்ந்த ஓரத்தில் கோன் குத்தும். அடையாளத்துக்கு வாசனைத் தைலம் தெளிக்கும் வழக்கம் உண்டு. அடர்த்தியான தைலங்கள் பல, குறிப்பாக டீ ட்ரீ எண்ணெய், நாய்க்கு நஞ்சு. தரையின் சொரசொரப்பே போதும்.

சாப்பாடு, தண்ணீர்

கிண்ணம் கோனின் வாயைவிடச் சிறியதாக இருந்தால் கோன் கிண்ணத்தைச் சுற்றி இறங்கிக்கொள்ளும். பெரியதாக இருந்தால் விளிம்பு கிண்ணத்தின் ஓரத்தில் தட்டி, மூக்கு உணவை எட்டாது. கனமான கிண்ணத்தைக் கோன் வாயைவிடக் குறுகலான மேடையில் வைத்து, நாயின் முழங்கை உயரத்துக்குத் தூக்குங்கள். கிண்ணத்தில் விரலால் தட்டிச் சத்தம் கொடுத்து, கோனின் கீழ் விளிம்பை ஒரு கையால் ஏந்தி முதல் இரண்டு மூன்று முறை வழிகாட்டினால் பிறகு தானே வரும்.

உணவு உள்ளே போகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும், தண்ணீர் தெரியாது. நாக்கு நீருக்கு எட்டாமலே கோனுக்குள் நக்கிக்கொண்டிருப்பது உண்டு. ஒரு நாளைக்கு உணவில் உள்ளதும் சேர்த்து கிலோவுக்கு 50 முதல் 60 மி.லி. தேவை, அதாவது 10 கிலோ நாய்க்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அளந்து ஊற்றி, மாலையில் மீதியை அளந்து பாருங்கள். குறைந்தால் உணவிலேயே நீரைக் கலந்து கூழாகக் கொடுங்கள்.

சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், ஒரு கை நாய்மேல் இருக்கும்வரைதான் கழற்றியிருக்க வேண்டும். போன் அடித்தால் முதலில் கோன், பிறகு போன்.

பேச்சும் தொடுதலும்

முதலில் பெயர், ஒரு நொடி இடைவெளி, பிறகு தோளில் தொடுதல், அதன்பின் மற்றதெல்லாம். வரிசை மாறக் கூடாது. கோனுக்குள் இருக்கும் நாயைப் பின்னாலிருந்து பேசாமல் தொட்டால் சாதுவான நாயும் திரும்பிக் கவ்வும். முகத்துக்கு எதிரே நின்று உரக்கக் கூப்பிட வேண்டாம், சத்தம் உள்ளே பெருகும். சற்று ஒதுங்கி, தாழ்ந்த குரல் போதும். தூரத்திலிருந்து வருகையில் தரையைக் காலால் இரண்டு முறை தட்டினால் அதிர்வு பாதத்தில் தெரியும். வீட்டில் எல்லோரும் ஒரே சொற்களைப் பயன்படுத்த வேண்டும்: “நில்”, “மெல்ல”, “படி”, “பின்னால்”. குழந்தைகளும் மற்ற நாய்களும் இந்த நாட்களில் தள்ளியே இருக்கட்டும். மற்ற நாய்க்குக் கோன் மாட்டிய முகம் புரியாது, இதற்கோ அது நெருங்குவதே தெரியாது.

கண் மருந்து விடும்போது கோனைக் கழற்றவே வேண்டாம். நாயின் பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் சொல்லி, தாடையை ஏந்தி, மேல் பக்கத்திலிருந்து கையைக் கொண்டுவாருங்கள். இரண்டு வகைச் சொட்டு என்றால் நடுவே 5 நிமிடமாவது விட வேண்டும், களிம்பு கடைசி.

வெளியே கூட்டிப்போகும்போது

லீஷைக் கோன் கட்டிய காலரில் மாட்டவே கூடாது. கழுத்து இறுகினால் கண்ணின் உள்ளழுத்தம் கூடும். கண் ஆபரேஷன் ஆன நாய்க்கும் கிளாக்கோமா (கண்ணழுத்த நோய்) உள்ள நாய்க்கும் இது நேரடித் தீங்கு. ஹார்னஸ் மாட்டுங்கள், அதுவும் தலைவழி நுழைக்காமல் கொக்கியால் திறந்து மூடும் வகையாக. லீஷ் குட்டையாகப் பிடித்து, உங்கள் முழங்கால் அதன் தோளில் லேசாகப் படும்படி நடங்கள். கதவைக் கடக்கையில் “மெல்ல” சொல்லி நடுவில் நிறுத்தி, பிறகு நேராகக் கூட்டிப்போங்கள். ஓரத்தில் இடித்தால் உடலே திரும்பிவிடும்.

படி ஏறும்போது கோன் அடுத்த படியில் மோதும். சிறிய நாயைத் தூக்கிவிடலாம். பெரிய நாய்க்கு “படி” சொல்லி, கோனின் கீழ் விளிம்பை உள்ளங்கையால் நாலு விரற்கடை தூக்கிப்பிடியுங்கள். இறங்குவதுதான் அதிக ஆபத்து. ஒரு கை மார்பின் முன்னே இருக்கட்டும்.

சிறுநீர் கழிக்காமல் திரும்பி வருவது அடிக்கடி வரும் புகார். தரையை முகராமல் பல நாய்கள் கழிக்காது, கோன் முகர விடாது. தினமும் போகும் அதே இடத்துக்கே கூட்டிப்போய்க் காத்திருங்கள். அப்படியும் இல்லையென்றால், வாயால் எட்டும் காயமாக இருக்கும்போது மட்டும், லீஷை ஒரு சாண் நீளத்தில் பிடித்து அங்கேயே கோனைக் கழற்றி, முகர்ந்து கழித்ததும் உடனே மாட்டுங்கள். கண் காயத்துக்கு இது ஆகாது. காற்று பலமாக அடிக்கும் நேரத்தையும் மழையையும் தவிருங்கள். கோன் காற்றைப் பிடித்துத் தலையைத் திருப்பும், பிளாஸ்டிக்கில் விழும் மழைத்துளி சத்தத்துக்கே சில நாய்கள் மிரளும்.

இரவு

ஓரம் உயர்ந்த வட்டப் படுக்கையில் கோன் மாட்டிக்கொள்ளும். தட்டையான மெத்தை போட்டு, தாடை வைக்க ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் கழுத்தின் சுமை குறையும். பழைய கூண்டில் கோனோடு முழுச் சுற்றும் திரும்ப முடிகிறதா என்று பகலிலேயே பாருங்கள். முடியாவிட்டால் தடுப்பு வேலி போதும்.

தினமும் பார்க்க வேண்டியவை

கோனின் உள்பக்கத்தை இரு வேளையும் ஈரத் துணியால் துடைத்துக் காயவையுங்கள். கழுத்தைச் சுற்றி முடியை விலக்கி, சிவப்போ ஈரமோ உண்டா என்று பாருங்கள். தொங்கும் காதுள்ள நாய்க்குக் கோனுக்குள் காற்றோட்டம் குறைவு. காது நாறினாலோ தலையை உதறிக்கொண்டே இருந்தாலோ காது அழற்சி தொடங்கியிருக்கலாம்.

24 மணி நேரம் சாப்பிடவில்லை, சிறுநீர் போகவில்லை, காயத்தில் வீக்கம் நாளுக்கு நாள் கூடுகிறது, ரத்தமோ சீழோ கசிகிறது, வாந்தி தொடர்கிறது என்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். மூச்சுத் திணறினால் வழியிலேயே அழைத்துச் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள்.

கழற்றும் நாள்

தையல் பிரிப்பது பெரும்பாலும் 10 முதல் 14 நாளில். கண்புரை போன்ற ஆபரேஷன்களில் இன்னும் நீளலாம். வெளியே ஆறியதாகத் தெரிந்தாலும் மருத்துவர் சொல்லும் வரை கழற்ற வேண்டாம். கழற்றியதும் முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். இத்தனை நாள் எட்டாத இடத்தையெல்லாம் நக்கித் தீர்க்கும், தழும்பைப் புண்ணாக்கிவிடும்.

இன்னொன்று, யாரும் எதிர்பார்க்காதது. கோனால் இடித்து வழி கண்டுபிடிக்கப் பழகிவிட்ட நாய், கோன் போனபின்னும் அதே வேகத்தில் சுவரைத் தேடிப் போகும். இப்போது மோதுவது மூக்கு. முதல் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயும் ஹார்னஸும் லீஷும் போட்டு, சுவரை நெருங்கும்போது “மெல்ல” சொல்லுங்கள். நகர்த்திய மேசை நாற்காலிகளை அதன்பிறகு ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம், ஒரே நாளில் எல்லாவற்றையும் அல்ல.